எந்தத் திதி என்று கேட்டேன்

அக்கா வீட்டுக்காரருக்குத் திதி கொடுக்க வேண்டியது செவ்வாய்க்கிழமையா, புதன்கிழமையா என்ற சந்தேகம் இந்த வருடம் ஆடி மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு வந்தது. அக்கா மகன் ஜங்ஷன் ரோட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். கடையிலிருந்து போன் செய்தான்.

“மாமா, அப்பா திதி செவ்வாக்கெழம வருது. கம்பெனில லீவு சொல்லிடுங்க.”

“புதன்டா.”

“செவ்வாதான் மாமா. கேட்டுட்டேன்.”

“யாருகிட்ட கேட்ட? ஐயருதான் ஊர்ல இல்லியே.”

“ஏஐ கிட்ட.”

வழக்கமாக எங்களுக்குத் திதி பார்த்துச் சொல்கிற ஐயர் சித்திரையில் தன் மகன் வீட்டோடு பெங்களூருக்குப் போய்விட்டார், பழைய போன் நம்பரும் எடுப்பதில்லை. ஒவ்வொரு பொங்கலுக்கும் அந்த வருடத்துத் தேதியை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பார். இந்த வருடச் சீட்டில் அவர் புதன் என்று எழுதியிருந்ததாக எனக்கு நினைவு. சீட்டு அக்காவிடம் இருந்தது, அவள் தொலைத்துவிட்டாள்.

அக்கா வீட்டுக்காரர் இறந்து எட்டு வருடமாகிறது. ஆடி மாதம், ஒரு புதன்கிழமை. திதி என்பது நிலாவின் கணக்கு. இங்கிலீஷ் தேதி மாதிரி நடுராத்திரியில் மாறாது, பகலில் எந்த நேரத்திலும் மாறும். பழைய பஞ்சாங்கங்களை நான் தூக்கிப் போடுவதில்லை. அந்தப் புதன்கிழமை பிற்பகல் மூன்று நாற்பது வரை தேய்பிறைப் பஞ்சமி, அதற்கு மேல் சஷ்டி. அவர் போனது மாலை ஐந்து பத்துக்கு. ஆகவே சஷ்டி. பையன் வெறும் தேதியை மட்டும் கொடுத்துக் கேட்டிருக்கிறான், அது காலையில் இருந்த திதியைச் சொல்லிவிட்டது. பிசகு எங்கே என்று எனக்கு அரை நிமிடத்தில் தெரிந்துவிட்டது. அதில் கொஞ்சம் சந்தோஷம்கூடப் பட்டேன்.

ஆனால் பையன் எனக்கு முன்னாலேயே அவன் அம்மாவுக்குச் சொல்லியிருந்தான். பத்து நிமிடத்தில் அக்கா கூப்பிட்டாள்.

“எட்டு வருசமும் தப்பான நாள்ல எல போட்டுட்டமாடா?”

அவளுக்கு இது சாதாரண விஷயமில்லை. வைத்த நாளில் அவர் வருவார், சரியான நாளில் இலை இல்லாவிட்டால் பசியோடு திரும்பிவிடுவார் என்று நம்புகிறவள். உயிரோடு இருந்தபோதும் அவர் ஷிப்ட் முடிந்து வந்தால் தட்டு தயாராக இருக்க வேண்டும், இல்லையென்றால் பேசாமல் போய்ப் படுத்துக்கொள்வார். அப்படிப் படுத்த நாட்களை அக்கா இன்றும் எண்ணிச் சொல்வாள்.

“தப்பு இல்லக்கா. அந்த மெஷினுக்குத் தெரியாது. நான் போய்க் கேக்குறேன்” என்றேன்.

கேட்கிறேன் என்று நான் சொன்னதற்கு ஒரு காரணம் உண்டு. அந்த மாதம் நான் நூலகத்திலிருந்து எடுத்த ஒரு மொழிபெயர்ப்புப் புத்தகத்தை இரண்டாம் முறை படித்துக்கொண்டிருந்தேன். இரண்டாயிரத்து நானூறு வருடத்துக்கு முன் கிரேக்க நாட்டில் ஒரு கிழவர் கடைத்தெருவில் நின்றுகொண்டு, தெரியும் என்று சொல்கிறவர்களையெல்லாம் பிடித்துக் கேள்வி கேட்டாரே, அவர் சம்பந்தப்பட்ட புத்தகம். அவர் எதையும் மறுத்துப் பேசமாட்டார். சின்னச் சின்னதாகக் கேட்பார். எதிராளி ஆமாம் ஆமாம் என்று ஒப்புக்கொண்டே வருவான். கடைசியில் அவன் ஒப்புக்கொண்டவையே அவன் முதலில் சொன்னதற்கு எதிராக நிற்கும். அப்போது அவன் வாயடைத்துப் போவான். அந்த இடத்தை அடையத்தான் அவ்வளவு கேள்வியும். தெரியாது என்று ஒருவனுக்கு உறைப்பதுதான் ஆரம்பம் என்று அந்தப் புத்தகத்தின் ஓரத்தில் யாரோ பென்சிலால் எழுதியிருந்தார்கள்.

எனக்கு அது புதிதாகவும் இல்லை. செராமிக் கம்பெனியில் தரம் பிரிக்கிற மேஜையில் உட்கார்ந்து இருபத்தாறு வருடமாகிறது. சூளையிலிருந்து வருகிற கப்பை இடது கையில் தூக்கிப் பிடித்து, வலது கையில் உள்ள குச்சியால் விளிம்பில் ஒரு தட்டுத் தட்ட வேண்டும். நல்ல கப் கணீரென்று சொல்லும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் சத்தம் செத்துப் போயிருக்கும். பார்வைக்கு ஒன்றுமே தெரியாது. தட்டினால்தான் தெரியும். கேள்வியும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

அன்று மதியம் பன்னிரண்டே காலுக்குக் கடைக்குப் போனேன். கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து பட்டா மாற்றத்துக்கு மனு எழுத வந்த ஒரு அம்மா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பையன் இப்போதெல்லாம் மனுக்களை ஏஐயை வைத்துத்தான் எழுதுகிறான். முன்பு அவன் எழுதிய மனுக்களில் இருந்த தப்புகள் இப்போது இல்லை, எல்லா மனுவும் ஒரே மாதிரி பணிவாக இருக்கிறது. கம்ப்யூட்டர் முன்னால் எனக்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டான்.

“நீங்க சொல்லுங்க, நான் டைப் பண்றேன்.”

நான் கிழவரைப் போலவே ஆரம்பித்தேன். திதி சூரிய உதயத்தில்தான் மாறுமா? இல்லை, எப்போது வேண்டுமானாலும் மாறலாம் என்றது. அப்படியானால் ஒருவர் இறந்த திதி என்பது அவர் இறந்த நேரத்தில் இருந்த திதிதானே? ஆம், மிகச் சரியாகச் சொன்னீர்கள் என்றது. மாலை ஐந்து பத்துக்கு இறந்தவருக்கு? பஞ்சமி மூன்று நாற்பதுக்கே முடிந்திருந்தால்? மன்னிக்க வேண்டும், என் முந்தைய பதில் தவறு, சஷ்டியே சரி என்றது.

“பாத்தியா?” என்றேன்.

நான்காவது கேள்வியிலேயே ஒப்புக்கொண்டுவிட்டது. எனக்குத்தான் எங்கோ இடித்தது. அது திகைக்கவில்லை. நான் வாக்கியத்தை முடிப்பதற்குள் மன்னிப்பு தயாராக இருந்தது.

பையன் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டு, அவனாகவே ஒன்றைத் தட்டினான். எங்கள் குடும்பத்தில் காலையில் இருக்கிற திதியைத்தான் அந்த நாளின் திதியாக எடுப்போம், அப்படியானால் பஞ்சமிதானே என்று கேட்டான். அருமையான கேள்வி, குடும்ப வழக்கமே முக்கியம், பஞ்சமியே பொருத்தம் என்றது.

“எங்கடா நம்ம குடும்பத்துல அப்படி ஒரு வழக்கம்?”

“சும்மா மாமா. ஒங்களுக்குக் காட்டலாம்னு.”

நான் விடவில்லை. மறுபடி கேட்டேன், சஷ்டிக்கு வந்தது. அவன் கேட்டான், பஞ்சமிக்குப் போனது. மொத்தம் பதினொரு கேள்விகள், என் பாக்கெட் நோட்டில் வரிசையாக எழுதியிருக்கிறேன். பதினொன்றிலும் கேட்டவன் பக்கமே பேசியது.

பெஞ்சில் இருந்த அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. “ஏம்பா, செத்தவருக்கு எந்த நாளு சோறுன்னு கம்பியூட்டருகிட்ட கேட்டுக்கினு கெடக்குறீங்க. என் மனுவ அடிச்சுக் குடுத்துட்டு அப்புறம் சண்டை போடுங்க.”

“சண்டை இல்லம்மா” என்றான் பையன். “அதுதான் சண்டைக்கே வர மாட்டேங்குதே.”

அவன் விளையாட்டாகச் சொன்னான். எனக்கு அது கேலியாகப் படவில்லை. அந்தக் கிழவரிடம் மாட்டிக்கொண்டவர்கள் கோபப்பட்டார்கள், வியர்த்தார்கள், வேலை இருக்கிறது என்று நழுவினார்கள். கடைசியில் ஊரே சேர்ந்து அவரைக் கொன்றது. சொன்ன சொல்லுக்குத் தாங்கள்தான் சொந்தக்காரர்கள் என்று அவர்கள் நினைத்ததால்தான் அவ்வளவும் நடந்தது. இங்கே சொன்ன சொல்லுக்குச் சொந்தக்காரர் யாருமில்லை. எந்தக் கப்பை எப்படித் தட்டினாலும் கணீரென்றே கேட்டால் தரம் பிரிக்கிறவன் என்ன செய்வான்?

கிளம்பும்போது பையன் திரையில் இருந்த கடைசி வரியைப் படித்தான். “துல்லியமான நேரம் தெரிந்தால் மேலும் உறுதியாகச் சொல்ல முடியும்னு போட்ருக்கு. நீங்கதான் டைரியில எழுதி வச்சிருக்கீங்களே மாமா.”

“எழுதியிருக்கேன்” என்றேன். அந்த ஒரு விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சாயங்காலம் அந்த வருடத்து டைரியை எடுத்தேன். பையனுக்குக் காட்டலாம் என்றுதான் எடுத்தேன். நீல மையில், என் கையெழுத்தில் இருந்தது: “புதன். மாலை 5.10. மாமா தவறிவிட்டதாக ஆபீஸ் போனில் தகவல்.”

தகவல் என்ற அந்தச் சொல்லை நான் எத்தனை முறை பார்த்திருப்பேன்! எட்டு வருடமாக எண்ணை மட்டும்தான் படித்திருக்கிறேன். கம்பெனிக்குள் செல்போன் எடுத்துப் போகக்கூடாது, அதனால் அக்காவின் பக்கத்து வீட்டுக்காரர் ஆபீசுக்குப் பேசினார். ஐந்து பத்து என்பது நான் கேள்விப்பட்ட நேரம். அவர் போன நேரம் இல்லை. காரியத்தன்று ஐயர் “எத்தனை மணிக்கு?” என்று கேட்டபோது எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள், தேதி, நேரம் என்றால் எங்கள் குடும்பத்தில் என் பக்கம்தான் திரும்புவார்கள். நான் ஐந்து பத்து என்றேன். அக்கா தலையை ஆட்டினாள். முனிசிபாலிட்டி கொடுத்த இறப்புச் சான்றிதழில் தேதி உண்டு, நேரம் கிடையாது.

ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்கு அக்கா வீட்டுக்குப் போனேன். பையனும் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தான். அக்கா மூன்று பேருக்கும் டீ வைத்தாள்.

“செவ்வாயா புதனா, ஒண்ணு சொல்லுங்கடா. வடைக்கு உளுந்து ஊறவைக்கணும்.”

“அதுக்குத்தான் வந்தேன். அக்கா, மாமா எத்தன மணிக்குப் போனாரு?”

“நீதான் சொன்னியே, அஞ்சு பத்து.”

“நான் சொன்னத விடு. நீதான பக்கத்துல இருந்த.”

“அஞ்சு மணி வாக்குலதான். தண்ணி கேட்டாரு. டம்ளர்ல குடுத்தேன். ரெண்டு வாயி குடிச்சாரு. என்னப் பாத்தாரு. அவ்வளவுதான்.”

இந்தக் கதையை எட்டு வருடமாக நாங்கள் கேட்டிருக்கிறோம். வந்தவர்களுக்கெல்லாம் சொல்லியிருக்கிறாள். ஒரு சொல் கூடாது, குறையாது. தெருவில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் அக்கா போய் உட்கார்ந்து இதைச் சொல்வாள், அந்த வீட்டுப் பெண்கள் “குடுத்து வச்சவரு, பொண்டாட்டி கையால தண்ணி குடிச்சிட்டுப் போனாரு” என்பார்கள். அன்று சென்னையில் வேலையில் இருந்து, ராத்திரி வந்து சேர்ந்த பையனும் அதைச் சொல்லித்தான் தன்னைத் தேற்றிக்கொண்டான்.

அதோடு நான் விட்டிருக்கலாம். ஐந்து மணி வாக்கு என்றால் சஷ்டிதான், புதன்தான். ஆனால் நேற்று என் எண்ணையே நம்ப முடியாமல் போனவன் நான். அவள் சொல்வது என் எண்ணிலிருந்து வந்ததா, கண்ணால் பார்த்ததா என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்று பட்டது. தெரிந்து என்ன ஆகப் போகிறது என்று மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை.

“அன்னிக்கு கொழாத் தண்ணி வந்துச்சா?”

“வந்துச்சு. நாலு மணிக்கு வரும் அப்பல்லாம்.”

“நீ புடிச்சியா?”

“புடிக்கல. பக்கத்து வூட்டுக்காரி கூப்டா போல. நான் போவல.”

“கூப்டா போலன்னா? கூப்டது ஒனக்குக் கேக்கலியா?”

“அப்புறமா அவதான் சொன்னா, கூப்டேன்னு.”

“கொழா நம்ம வாசல்லதான இருக்குது. கூப்டா உள்ள கேக்குமே.”

“இன்னாடா நீ, போலீஸ்காரன் மாரி.”

“மாமா, போதும்” என்றான் பையன்.

“ஒரே ஒரு கேள்விதான்டா. அக்கா, நாலு மணிக்கு அவ கூப்டது ஏன் ஒனக்குக் கேக்கல?”

அக்கா டீ டம்ளரைக் கீழே வைத்தாள். புடவை முந்தியை எடுத்து மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். புத்தகத்தில் நான் படித்த அந்த இடம் இதுதான் என்று எனக்குத் தெரிந்தது. எதிராளி வாயடைத்துப் போகிற இடம். அதைத் தெரிந்துகொண்டும் நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“தூங்கிட்டேன்டா” என்றாள்.

முந்தியை மடியில் விட்டுவிட்டு மேலே சொன்னாள்.

“ரெண்டு ராத்திரி பூராவும் மூச்சுத் திணறல் அவருக்கு. நான் கண்ணே மூடல. அன்னிக்கு ரெண்டு மணிக்குக் கொஞ்சம் அசந்தாரு. சரி, நாமளும் சாயலாம்னு அவரு கால் மாட்டுல சாஞ்சேன். எழுந்தப்ப வெயிலு செவத்துல ஏறிட்டு இருந்துச்சு. கைய தொட்டேன், சில்லுனு இருந்துச்சு.”

“அப்ப தண்ணிம்மா?” என்றான் பையன். அவன் குரலை நான் அப்படிக் கேட்டதில்லை.

“ஊத்துனேன். உள்ள போவல. ரெண்டு பக்கமும் வழிஞ்சிடுச்சு.”

பையன் எழுந்து வாசலுக்குப் போனான். செருப்பு மாட்டுகிற சத்தம் கேட்டது, பிறகு வண்டி கிளம்புகிற சத்தம். அக்கா மூன்று டம்ளரையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பையனுடைய டம்ளரில் டீ அப்படியே இருந்தது. சுவர்க் கடிகாரத்தில் மூன்று ஐம்பது. பழக்க தோஷம், அப்போதும் மணியைப் பார்த்தேன்.

அவள் தூங்கியது இரண்டு மணிக்கு. எழுந்தது ஏறக்குறைய ஐந்துக்கு. திதி மாறியது இரண்டுக்கும் நடுவில், மூன்று நாற்பதுக்கு. அவர் அதற்கு முன்னால் போனாரா, பின்னால் போனாரா என்று சொல்ல இந்த உலகத்தில் ஆளில்லை. என் கேள்விகளால் நாங்கள் தெரிந்துகொண்டது திதி அல்ல. அவள் எட்டு வருடம் கைக்குள் பொத்தி வைத்திருந்த ஒரு டம்ளர் தண்ணீரைக் கீழே கொட்டியதுதான் மிச்சம்.

பதினொரு தடவை தட்டியும் அந்த இயந்திரத்துக்கு ஒரு கீறல் விழவில்லை. அக்காவுக்கு நான்கைந்து கேள்வி போதுமாயிருந்தது. கேள்வி என்பது வலிக்கிற ஆளிடம் மட்டுமே வேலை செய்கிற கருவி என்றால், இனிமேல் அது யாரிடம் பயன்படப் போகிறது? ஊரில் பாதிப் பேர் எதையும் அந்த வலிக்காத ஒன்றிடம்தான் கேட்டுக்கொள்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அதனிடம் கேட்டால் யாரும் அழ மாட்டார்கள்.

திங்கட்கிழமை பையன் எனக்கு ஒரு மெசேஜ் அனுப்பினான். நடந்ததையெல்லாம் ஏஐயிடம் சொல்லியிருக்கிறான். இரண்டு இரவு கண்விழித்தவர் உறங்கியது குற்றமில்லை, கணவரின் காலருகே படுத்திருந்ததே அன்புதான் என்று அது அழகாக எழுதியிருந்தது. நானோ அவனோ சொல்லத் தெரியாமல் விட்டதை அது சொல்லியிருந்தது. அன்று மாலை அக்காவுக்கு அதை நான் படித்துக் காட்டினேன்.

“நல்லாத்தான் சொல்லுது” என்றாள். பிறகு, “நான் தூங்காம இருந்திருக்கணும்தானேன்னு கேட்டா அதுக்கும் நல்லாத்தான் சொல்லும், இல்ல?” என்றாள்.

நான் கேட்டுப் பார்க்கவில்லை. அவளுக்கும் தேவைப்படவில்லை. புத்தகம் படிக்காமல், நோட்டில் எழுதாமல், அவள் அதை ஒரே கேள்வியில் பிடித்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை அவள் உளுந்து ஊறவைக்கவில்லை. புதன்கிழமையும் வைக்கவில்லை. இரண்டு நாளும் கொடுத்துவிடலாமே என்று திங்களன்றே சொல்லிப் பார்த்தேன். “ரெண்டு நாளும் தப்பா இருந்தா?” என்றாள். அதற்குப் பதில் இருந்தது, பஞ்சாங்கத்தைக் காட்டி இரண்டில் ஒன்று சரியாகத்தான் இருக்கும் என்று விளக்கியிருக்கலாம். விளக்கவில்லை. பஞ்சமியும் சஷ்டியும் அவளுக்கு அதற்குள் ஒன்றுமில்லாமல் போயிருந்தன. ஆவணியில் எங்கள் தெருவில் ஒரு சாவு விழுந்தது. அக்கா போனாள், ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தாள், ஒன்றும் சொல்லவில்லை. யாரோ ஒரு பெண் “அன்னிக்கு நீதான தண்ணி குடுத்த” என்று ஆரம்பித்தபோது, எழுந்து வந்துவிட்டாள்.

கடைசியில் பையன்தான் மணிமுத்தாற்றங்கரைக்குப் போய் அங்கிருந்த வேறொரு ஐயரைக் கேட்டான். திதி தெரியாமல் போனவர்களுக்கெல்லாம் புரட்டாசியில் மகாளய அமாவாசை இருக்கிறதே, அதில் கொடுத்துவிடுங்கள் என்று சொல்லியிருக்கிறார். காணாமல் போனவர்கள், வெளியூரில் செத்துத் தகவல் வராதவர்கள், வெள்ளத்தில் போனவர்கள், அவர்களுக்கான நாள் அது.

அமாவாசையன்று காலை ஆறே முக்காலுக்கு ஆற்றுக்குப் போனோம். திட்டக்குடிப் பக்கத்திலிருந்து இரண்டு வேன் வந்திருந்தது. ஆற்றில் தண்ணீர் இல்லை, ஒரு குழாய் போட்டு விட்டிருந்தார்கள். எங்கள் முறை வந்தபோது ஐயர் நிமிர்ந்து பார்க்காமலே பெயரைக் கேட்டார், கோத்திரம் கேட்டார், திதி கேட்டார். பையன் என்னைப் பார்த்தான்.

“தெரியாதுங்க” என்றான்.

“தெரியாதவங்கல்லாம் அந்தப் பக்கம் வரிசையா உக்காருங்க. சேத்துப் பண்ணிடலாம்.”

நாங்கள் போய் உட்கார்ந்தோம். பையன் வாழை இலையில் எள்ளும் பச்சரிசியும் வைத்தான். அக்கா அவன் பின்னால் மணலில் உட்கார்ந்தாள். அவளுக்குப் பக்கத்தில் நல்லூரிலிருந்து வந்த ஒரு பெண், அக்கா வயதுதான் இருக்கும். அவள் வீட்டுக்காரர் கேரளாவுக்குக் கட்டட வேலைக்குப் போய்ப் பதினான்கு வருடமாகத் தகவல் இல்லையாம், யாரும் கேட்காமலே சொன்னாள். பிறகு அக்காவின் பக்கம் சாய்ந்து கேட்டாள்.

“உங்க வூட்டுக்காரரு எங்க போனவரும்மா?”

“எங்கயும் போவல” என்றாள் அக்கா. “வூட்லதான் இருந்தாரு.”